ஈ.சி.இ. மூன்றாம் ஆண்டில் இருந்து எம்.பி.பி.எஸ்.: டயாலிசிஸ் அறையில் நீங்கள் பார்த்தது யாரை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) ஆறாவது செமஸ்டர் முடியப் போகிறது. வயது 21. பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் குரூப். அப்போது ஒரே ஒரு முறை நீட் எழுதி, மார்க் வராமல் இன்ஜினியரிங்கில் சேர்ந்தீர்கள். இரண்டு வருடமாக அப்பாவை வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறீர்கள். டாக்டர் வந்து நிற்கிற அந்த ஐந்து நிமிடத்துக்காக அப்பா காலையிலிருந்தே காத்திருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்துப் பார்த்து, நானும் டாக்டர் ஆகவேண்டும் என்ற எண்ணம் விடாமல் துரத்துகிறது. "இப்போது மாறினால் ரொம்ப லேட்டா? காலேஜை நிறுத்திவிட்டு நீட்டுக்கு உட்காரலாமா?" இதுதான் கேள்வி. லேட்டா என்பதற்குப் பதில் எளிது. நிறுத்தலாமா என்பதற்கும் என்னிடம் தெளிவான பதில் இருக்கிறது. நீங்கள் நேரடியாகக் கேட்காத ஒன்று அடியில் இருக்கிறது: அந்த அறையில் பிறந்த இந்த ஆசையை நம்பி அடுத்த பத்து வருடத்தைக் கொடுக்கலாமா என்பது. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் ஆசிரியை. பத்தொன்பது வருடமாக முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். 2016 வரை தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க் வைத்துத்தான் சேர்க்கை. வகுப்பில் நுழைந்தால் ஏறக்குறைய எல்லாரும் பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்கள். 2017-இல் நீட் வந்த பிறகு முகங்கள் மாறின. ஒன்று, இரண்டு, மூன்று வருடம் ரிப்பீட் செய்தவர்கள் வந்தார்கள். அவர்களோடு, எப்போதாவது ஒருவர், பி.இ. முடித்தவர், பி.எஸ்சி. முடித்தவர், இரண்டு வருடம் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அப்படிப்பட்ட சிலருக்கு வழிகாட்டி ஆசிரியராக இருந்திருக்கிறேன். நான் சொல்வதில் பாதி விதிகள். மீதி அவர்களிடம் கற்றது.

முதலில் விதிகள். நீட் எழுதுவதற்கு மேல் வயது வரம்பு இல்லை. முன்பு 25 என்றும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்றும் இருந்தது. 2022 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருந்தால் போதும். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு கிடையாது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். அறிவியல் பாடங்கள் மூன்றிலும் சேர்த்து பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம் வேண்டும். நீங்கள் பயோ-மேத்ஸ் என்பதால் தடை ஒன்றுமில்லை. இதைப் படிக்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றாலும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. அதற்கு முன்பு அந்தக் கதவு மூடியிருந்தது. உங்கள் வீட்டிலோ கல்லூரியிலோ "பி.இ. சேர்ந்த பிறகு மெடிக்கல் போக முடியாது" என்று யாராவது சொன்னால், அது தவறு.

அடுத்தது, நிறைய பேர் குழம்பும் இடம். இதைப் பற்றி நெட்டில் தேடினால் பெரும்பாலும் அமெரிக்காவில் இருப்பவர்கள் எழுதியதுதான் கிடைக்கும். அங்கே மருத்துவம் என்பது பட்டம் முடித்த பிறகு படிப்பது. எந்தப் பாடத்திலும் நான்கு வருடப் பட்டம் வாங்கலாம். உயிரியல், வேதியியல் போன்ற சில அடிப்படைப் பாடங்களை எடுத்து, எம்கேட் என்ற தேர்வை எழுதி மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். அங்கே மூன்றாம் வருடத்தில் மனது மாறினாலும் இதுவரை படித்தது கணக்கில் வரும். நம் ஊரில் அப்படி இல்லை. இங்கே பட்டதாரிக்கென்று தனி நுழைவு கிடையாது. நீங்கள் வாங்கிய சி.ஜி.பி.ஏ. எதற்கும் உதவாது, ஒரு வருடமும் குறையாது. மூன்றாம் ஆண்டிலிருந்து பக்கத்து வீதிக்குத் திரும்புவது போல நினைத்துக்கொண்டிருந்தால், அப்படியல்ல. நீங்கள் திரும்பிப் போகப் போவது பிளஸ் டூ வகுப்புக்கு. அதே பென்ச், அதே புத்தகம், பக்கத்தில் உங்களைவிட நான்கைந்து வயது சின்னவர்கள். இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற கணக்கு எல்லாம் தானாக வரும்.

காலேஜை நிறுத்தலாமா? வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு பையன் ஐந்தாவது செமஸ்டரோடு பி.இ.யை விட்டான். காரணம் உங்களுடையதைப் போலவே நல்ல காரணம். கோச்சிங் சென்டர் விடுதியில் தங்கி இரண்டு முறை நீட் எழுதினான். இரண்டாவது முறை அரசு இடத்துக்குக் கொஞ்சம் தொலைவில் நின்றுவிட்டான். திரும்பவும் பி.இ.க்கே போகலாம் என்று போனபோது ரெகுலேஷன், அதாவது பல்கலைக்கழகப் பாடத்திட்டம், மாறியிருந்தது. பழைய பாடங்களுக்குப் பதில் புதிய பேப்பர்கள், கூட இரண்டு அரியர், ஜூனியர்களோடு வகுப்பு. அவனை உடைத்தது நீட் தோல்வியல்ல. தோற்றபோது கையில் ஒன்றுமே இல்லை என்பதுதான். டிகிரி கையில் இருக்கும் ஒருவர் தேர்வு எழுதும் விதமே வேறு. ஹாலில் உட்காரும்போது கை நடுங்காது. உங்களுக்கு மிச்சம் இருப்பது இரண்டு செமஸ்டர். அதில் எட்டாவது செமஸ்டரில் பெரும்பாலும் ப்ராஜெக்ட் மட்டும்தான் இருக்கும். இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

தேர்வைப் பற்றி. 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான பதிலுக்கு 4, தவறுக்கு 1 கழியும். பாதி மதிப்பெண், அதாவது 360, உயிரியலில் இருக்கிறது. ஈ.சி.இ. படித்தவர்கள் "பிசிக்ஸ் எனக்குத் தெரியும், பயாலஜியை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்" என்று தொடங்குவார்கள். என்னிடம் படித்த பி.இ. மாணவர்கள் எல்லாரும் சொன்னது இதற்கு நேர்மாறு. உயிரியல் மலை போலத் தெரியும், ஆனால் என்.சி.இ.ஆர்.டி. (மத்திய பாடத்திட்ட) பதினொன்று, பன்னிரண்டு புத்தகங்களை வரி விடாமல், படத்துக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்துவரை, நாலைந்து முறை படித்தால் பிடிக்கு வந்துவிடும். அவர்களைத் தடுக்கி விழவைத்தது இயற்பியல்தான். காரணம் எளிது: நான்கு வருடமாகக் கையில் கால்குலேட்டர் இருந்திருக்கிறது. நீட்டில் அது கிடையாது. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் எல்லாம் மனக்கணக்கிலோ தாளின் ஓரத்திலோ முடிய வேண்டும். ஃபூரியர் டிரான்ஸ்பார்ம் போட்ட கைக்கு, சாய்தளத்தில் உருளும் உருளையின் முடுக்கம் மறந்து போயிருக்கும். அது அறிவுக் குறை அல்ல, பழக்கம் விட்டுப்போனதுதான். மூன்று நான்கு மாதத்தில் திரும்ப வரும், தினமும் போட்டால். வேதியியலில் கரிம வேதியியலும் அப்படியே.

எவ்வளவு மார்க் எடுத்தால் சீட் கிடைக்கும் என்று அடுத்து கேட்பீர்கள். இங்கேதான் உறுதியாகச் சொல்லக்கூடியதும் சொல்ல முடியாததும் பிரிகின்றன. 2024-இல் முதலில் வந்த முடிவில் 67 பேர் 720-க்கு 720 என்றார்கள்; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், திருத்திய பட்டியலில் அது 17 ஆனது. அடுத்த வருடம், 2025-இல், இயற்பியல் தாள் கடினமாக இருந்ததில் நாட்டிலேயே முதலிடம் பிடித்தவரின் மதிப்பெண் 686. 2024-இல் தமிழ்நாட்டில் 600-க்கு மேல் எடுத்தும் அரசு இடம் கிடைக்காமல் போனவர்கள் உண்டு. 2025-இல் அதைவிட வெகுவாகக் குறைந்த மார்க்குக்கு அரசு இடம் கிடைத்தது. ஆகவே அடுத்த வருட கட்-ஆஃபை யார் எண்ணாகச் சொன்னாலும், கோச்சிங் சென்டர் நோட்டீஸாக இருந்தாலும், நம்பாதீர்கள். மார்க்கை விடுங்கள், ரேங்கைப் பாருங்கள். தமிழ்நாட்டு ரேங்க் பட்டியலில் உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாக அரசு இடம் பெற்றவர் எந்த ரேங்கில் நின்றார் என்பது வருடத்துக்கு வருடம் அவ்வளவாக ஆடுவதில்லை. கடந்த மூன்று வருடப் பட்டியல்களை எடுத்து வைத்துப் பாருங்கள். 2025-இல் நாடு முழுவதும் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கு மேல். தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கு மேல். நாட்டில் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம்தான். "குவாலிஃபைடு" என்று வந்துவிட்டால் டாக்டர் ஆகிவிடலாம் என்று இனிப்பு கொடுக்கிற வீடுகளை ஒவ்வொரு ஜூனிலும் பார்க்கிறேன். தகுதி பெறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு.

நம் மாநிலத்தில் இருப்பதில் ஒரு நல்லது: அரசு மருத்துவக் கல்லூரிகள் மட்டும் 36 இருக்கின்றன. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றின் இடங்களில் 85 சதவீதம் மாநில ஒதுக்கீடு. அதற்குள் 69 சதவீத இடஒதுக்கீடு. நீங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவரா என்று எழுதவில்லை. ஆம் என்றால், 2020 முதல் இருக்கிற 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உங்கள் கணக்கையே மாற்றிவிடும். பிளஸ் டூ முடித்துச் சில வருடம் ஆனவர்களும் அதில் இடம் பெற்றிருக்கிறார்கள். கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதை முதலில் பாருங்கள்.

பணம். அரசுக் கல்லூரியில் வருடக் கட்டணம் ஆயிரக்கணக்கில்தான், லட்சத்தில் அல்ல. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் என்றால் வருடத்துக்கு நான்கு லட்சத்துக்கு மேல். நிர்வாக ஒதுக்கீடு என்றால் பதின்மூன்று லட்சத்துக்கு மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் இருபது லட்சத்தைத் தாண்டும். வாரம் மூன்று டயாலிசிஸ் நடக்கிற வீட்டில் இந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்லத் தேவையில்லை. பி.இ.க்குக் கல்விக் கடன் வாங்கியிருந்தால், படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் அது திருப்பிக் கட்டக் கேட்கும். மேலும் படிக்கச் சேர்ந்தால் தள்ளி வைக்க முடியுமா என்பதை வங்கிக் கிளையில் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீட்டுக்குப் படிக்கிற வருடம் எந்தக் கல்லூரியிலும் சேர்ந்து படிக்கிற வருடம் அல்ல. அந்த வருடத்தில்தான் வங்கியிலிருந்து போன் வரும்.

வருடக் கணக்கையும் போட்டுவிடுவோம். 22-இல் பி.இ. முடிக்கிறீர்கள். 23-இல் எம்.பி.பி.எஸ். சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். முடிக்கும்போது 28, 29. நீங்கள் டயாலிசிஸ் அறையில் பார்த்த டாக்டர் சிறுநீரக நிபுணர். அவர் ஆக, எம்.டி. பொது மருத்துவம் மூன்று வருடம், அதன் பிறகு டி.எம். நெஃப்ராலஜி மூன்று வருடம். ஒவ்வொன்றுக்கும் தனி நுழைவுத் தேர்வு, நடுவில் விழும் ஒன்றிரண்டு வருடங்கள். 35, 36 ஆகும். எம்.பி.பி.எஸ்.ஸோடு நின்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நல்ல டாக்டராக இருப்பவர்களும் இருக்கிறார்கள்; அது தாழ்ந்த வேலை என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மனதில் இருக்கும் படம் எது என்பதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். லேட்டா என்ற கேள்விக்கு என் பதில்: நேராக வருகிறவர்களைவிட நான்கைந்து வருடம் பின்னால். முப்பது வருடம் வேலை செய்யப்போகிற ஒருவருக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் அந்த நான்கைந்து வருடத்தில் வீட்டுக்கு வருமானம் தேவையா, அப்பாவின் உடல்நிலை அதைத் தாங்குமா என்பதெல்லாம் இருக்கிறது. அதை உங்களைத் தவிர யாராலும் எடைபோட முடியாது.

இனி அந்த அறைக்கு வருவோம். நான்கு மணி நேரம், வாரம் மூன்று நாள், இரண்டு வருடம். என்னுடைய பல மாணவர்கள் எம்.பி.பி.எஸ். முடிக்கும்வரைகூட ஒரு டயாலிசிஸ் அறையில் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதனால் உங்களிடமே கேட்கிறேன். அந்த நான்கு மணி நேரத்தில் அப்பாவின் கையில் ஊசி ஏற்றியது யார்? பிரஷர் இறங்கிக் கண் சொருகியபோது கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி சலைன் திறந்துவிட்டது யார்? கால் பிடிப்பு வந்தபோது அழுத்திப் பிடித்துக்கொண்டது யார்? டயாலிசிஸ் டெக்னீஷியனும் நர்சும்தான். டாக்டர் வந்து நின்றது, நீங்கள் சொன்னபடி, ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் செய்தது வேறு வேலை. ஹீமோகுளோபின் ஏன் ஏறவில்லை, இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எடை ஏன் இவ்வளவு கூடுகிறது, பொட்டாசியம் எங்கே நிற்கிறது என்று பார்த்து முடிவெடுப்பது. அதே ஐந்து நிமிடத்தை அன்றைக்கு இன்னும் முப்பது கட்டிலுக்குக் கொடுப்பது. அப்பாவின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையும், அந்த முடிவை எடுக்கிறவராக இருக்க வேண்டும் என்ற ஆசையும் ஒன்றல்ல. இரண்டும் உயர்ந்தவைதான். ஆனால் இரண்டுக்கும் வழி வேறு. முதல் ஆசையோடு மருத்துவம் படிக்க வந்து, பக்கத்தில் உட்கார நேரமே இல்லை என்று மூன்றாம் வருடத்தில் என் அறையில் வந்து அழுத மாணவி ஒருத்தி எனக்கு நினைவிருக்கிறாள்.

அதே அறையில் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. நீங்கள் ஈ.சி.இ. என்பதால் சொல்கிறேன். அந்த மெஷினைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? நிமிடத்துக்கு 250, 300 மில்லி ரத்தத்தை வெளியே எடுத்துச் சுற்றி அனுப்புகிற பம்ப். மறுபக்கம் நிமிடத்துக்கு 500 மில்லி ஓடும் டயாலிசேட் திரவம். அதில் உப்புகள் சரியான அளவில் கலந்திருக்கின்றனவா என்று விடாமல் மின்கடத்துத்திறனை அளக்கும் சென்சார். ரத்தக் குழாயில் ஒரு காற்றுக் குமிழி போனாலும் அல்ட்ராசவுண்டால் கண்டுபிடித்து கிளாம்பை மூடும் டிடெக்டர். திரவத்தில் ரத்தம் கசிந்தால் ஒளியால் கண்டுபிடிக்கும் இன்னொன்று. அலாரம் அடிக்கும்போதெல்லாம் நீங்கள் பதறி எழுந்திருப்பீர்கள். அந்த அலாரத்தை வடிவமைத்தது உங்கள் துறைக்காரர். உங்களைச் சமாதானப்படுத்த இதைச் சொல்லவில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1992-இல் ஆரோலேப் தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே செய்ததால்தான், வெளிநாட்டு லென்ஸின் விலைக்கு எட்டாத ஏழைகளுக்கு அது கிடைத்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் எம்.எஸ். வலியத்தான் என்ற இதய அறுவை மருத்துவரும் பொறியாளர்களும் வருடக்கணக்காக உழைத்துச் செய்த இதய வால்வு 1990-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முந்தைய மாதிரிகள் தோற்றுப்போயின; ஒவ்வொரு தோல்வியும் மருத்துவருக்கும் பொறியாளருக்கும் சேர்ந்தே பாடம். இன்றைக்கு அந்தக் கழகமும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். நடத்துகின்றன. பொறியியல் முதுகலைக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். படிக்கும்போதே மருத்துவமனைக்குள் இருக்கலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2023-இல் மருத்துவ அறிவியலுக்கென்று தனித் துறையே திறந்தது. இந்த வழியில் உங்கள் மூன்று வருடம் அப்படியே கணக்கில் வருகிறது.

ஆனால் இதையெல்லாம் படித்த பிறகும் "இல்லை மேடம், அந்த முடிவை எடுக்கிறவளாகத்தான் இருக்க வேண்டும்" என்று தோன்றினால், அதை மதிக்கிறேன். வேறு வழி காட்டித் திசைதிருப்ப மாட்டேன். பி.இ. முடித்து வந்த ஒரு மாணவனை நினைத்துக்கொண்டு சொல்கிறேன். சேரும்போது 24 வயது. வகுப்பே "அண்ணா" என்று கூப்பிடும். முதல் மாதம் ஹீமோகுளோபின் செய்முறை. விரலைக் குத்தி, 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தை உறிஞ்சி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் விட்டு, பத்து நிமிடம் வைத்துப் பழுப்பு நிறம் வந்ததும், பக்கத்துக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போகும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்க வேண்டும். எல்லாரும் எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்பினார்கள். இவன் மட்டும் அதே குழாயை நான்கு பேரிடம் காட்டி நான்கு எண் வாங்கி வந்து, "மேம், இதில் கண்ணால் வரும் பிழையே ஒரு கிராம் இருக்கிறதே, இதை வைத்து எப்படி முடிவெடுப்பது?" என்று கேட்டான். ஈ.சி.ஜி. வகுப்பில், கை கால்களுக்கு இடையே அளக்கும் மின்னழுத்தங்களில் (லீட்) ஒன்றையும் மூன்றையும் கூட்டினால் இரண்டு என்பதை மற்றவர்கள் மனப்பாடம் செய்தபோது, "இது மின்சுற்றில் வரும் கிர்ச்சாஃப் விதிதானே" என்றான். அதே மாணவன் உடற்கூறியலில் கை நரம்புப் பின்னலை வரையத் திணறி இரண்டு இன்டர்னலில் கீழே போனான். பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் மனப்பாட வேகம் அவனுக்கு இல்லை. பிறகு பிடித்துக்கொண்டான். பொறியியல் படித்த மூளை மருத்துவத்தில் வீணாகாது. ஆனால் அதன் பலன் உள்ளே வந்த பிறகுதான். வாசலில் அதற்கு ஒரு மார்க்கும் கிடையாது.

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். என்று ஏஜென்ட்டுகள் உங்களைத் தேடி வருவார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். அதற்கும் நீட் தகுதி வேண்டும். 2021 நவம்பர் விதிப்படி குறைந்தது 54 மாதப் படிப்பு ஆங்கில வழியில், அங்கேயே 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, மீண்டும் இங்கே 12 மாதப் பயிற்சி. அந்தத் தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுத்தால் பாஸ். சமீப வருடங்களில் எழுதுகிறவர்களில் ஏறக்குறைய நான்கைந்து பேருக்கு ஒருவர்தான் தேறுகிறார்கள். 2022-இல் உக்ரைனிலிருந்து பாதிப் படிப்போடு திரும்பிய பிள்ளைகள் பட்ட பாட்டையும் பார்த்தோம். எல்லாருக்கும் தவறு என்று சொல்லவில்லை. கடன் வாங்கிப் போகிற வீட்டுக்கு, அதிலும் 23 வயதில் போகிறவருக்கு, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் இடத்தில் என் மகள் இருந்தால் என்ன சொல்வேனோ அதைச் சொல்கிறேன். இந்த செமஸ்டர் விடுமுறையில், அப்பாவின் கட்டிலை விட்டு வேறு இடத்தில் மருத்துவத்தைப் பாருங்கள். நீங்கள் பார்த்தது ஒரே நோய், ஒரே அறை, உங்கள் சொந்த அப்பா. தெரியாத நோயாளியிடம், உங்களைத் திட்டுகிற நோயாளியிடம், பிழைக்கப் போவதில்லை என்று தெரிந்த நோயாளியிடம் இதே உணர்வு வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஊரில் ரத்ததான முகாம் நடத்துகிறவர்கள், வீடு தேடிப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் வலிநிவாரணக் குழுக்கள், தன்னார்வலர்களை ஏற்கிற மருத்துவமனைகள் இருக்கின்றன. ஒரு மாதம் போய் வாருங்கள். கூடவே, இறுதியாண்டு ப்ராஜெக்ட்டை மருத்துவக் கருவி சார்ந்ததாக எடுங்கள். எந்தப் பக்கம் போனாலும் உதவும்.

பிறகும் மனது மாறவில்லை என்றால், ஏழாவது செமஸ்டரிலிருந்து தினம் இரண்டு மணி நேரம் உயிரியல் மட்டும். எட்டாவதில் இயற்பியல், வேதியியல். வருகிற மே மாத நீட்டை எழுதுங்கள். அது அளந்து பார்க்க மட்டும். பி.இ. முடித்த பிறகு ஒரு முழு வருடம் உட்கார்ந்து, அடுத்த மே மாதம் முழு மூச்சோடு எழுதுங்கள். அதோடு நிறுத்த வேண்டும். அந்தத் தேதியை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். ரிசல்ட் வந்த அன்று எல்லாருக்கும் "இன்னும் ஒரே ஒரு வருடம்" என்றுதான் தோன்றும். முப்பது மார்க்கில் விட்டவருக்கு இன்னும் வலுவாகத் தோன்றும். நான்கு, ஐந்து முறை எழுதி வந்து சேர்ந்தவர்களும் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள்; ஆனால் வந்து சேர்ந்தவர்களை மட்டும்தான் நான் பார்க்கிறேன். வராதவர்கள் என் வகுப்பில் இல்லை. என் அனுபவத்தை நீங்கள் எடைபோடும்போது இதை மறக்காதீர்கள்.

உடனே செய்ய வேண்டியவை இரண்டு. வருகிற ஞாயிறு, கடந்த வருட நீட் தாளை எடுத்துக்கொண்டு, மதியம் இரண்டிலிருந்து ஐந்து மணிவரை, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, கால்குலேட்டர் இல்லாமல், தயாரிப்பே இல்லாமல் எழுதிப் பாருங்கள். மார்க் குறைவாகத்தான் வரும். அதற்காகக் கலங்க வேண்டாம். அந்த மூன்று மணி நேரம் முடிந்ததும், விடை தெரியாமல் விட்ட உயிரியல் கேள்வியைத் தேடிப் படிக்கக் கை போகிறதா, இல்லை தாளை மூடிவைக்கத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். இரண்டாவது, உங்கள் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஒரிஜினல்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பி.இ. சேரும்போது வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டால் இழுத்தடிக்கிற கல்லூரிகள் உண்டு. கவுன்சலிங் வாரத்தில் என் மாணவன் ஒருவன் அதற்காக மூன்று நாள் அலைந்தான். இப்போதே எழுத்தில் கேட்டு, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.